சம்பந்தி வீட்டாரை அழைத்துப் போகலாம்

என் அன்புச் சம்பந்தி கலைக்கு,

நலமா என்று கேட்டு எழுத முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். நம் வெப்சைட்டில் நீ எழுதியிருந்த அந்த ஒரே ஒரு விமர்சனத்தை நேற்று எடுத்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

இந்தக் கடிதத்தை நம் வெப்சைட்டின் முதல் பக்கத்திலேயே போடப் போகிறேன். ஊரே படிக்கும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடாதே.

நாம் ஏன் ஒருத்தியை ஒருத்தி சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் முதல் வருஷம். நம் வகுப்புச் சுமதியின் அக்கா கல்யாணம் திட்டக்குடியில். பஸ் வழியில் நின்று போய், நாம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கண் இருட்டுகிற பசி. காலியாகக் கிடந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டோம். அது மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஒதுக்கிய பந்தி. இலைக்கு இரண்டு ஜாங்கிரி விழுந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் நம் எதிரே குனிந்து, "சம்பந்தியம்மா, இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். நமக்கு அப்போது பதினெட்டு வயது. நீ முகத்தில் சிரிப்பே இல்லாமல், "போதுங்க சம்பந்தி, வழியிலயே கலரு குடிச்சிட்டு வந்துட்டோம்" என்றாய். எனக்குப் புரையேறி, மூக்கு வழியாகப் பாயசம் வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே, இனிமேல் பிறக்கப் போகும் உன் மகனுக்கு என் மகள் என்று பேசி முடித்தோம். சீர் வரிசையில் மட்டும் தகராறு. நான் கட்டில் தர முடியாது என்றேன், நீ விருத்தாசலம் வரும்வரை விடவில்லை.

மூன்றாம் வருஷம் பிராஜெக்ட் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் போன பேட்ச் ஆட்கள் செய்து முடித்த பிராஜெக்டை சிடியில் வாங்கி, நூலக நிர்வாகம் என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தீபாவளிக்கு உன் சுடிதாரை ஒரு டெய்லர் முட்டிக்கு மேலே தைத்துக் கொடுத்திருந்தார். "இவரு இப்படித்தான் தைப்பாருன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் அங்க குடுத்திருப்பனா?" என்று கேட்டாய். ஊரில் இருக்கும் டெய்லர், ஓட்டல், மெஸ், ஸ்டூடியோ என்று எல்லாவற்றையும் பற்றி ஊர்க்காரர்களே எழுதட்டும், நாம் அதை ஒரு வெப்சைட்டில் போடுவோம் என்று ஆரம்பித்தோம். அப்படி ஒன்றை நம் மாவட்டத்தில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது என் குரல் தானாகக் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

எனக்குக் கோடிங். உனக்கு ஊர். கீபோர்டில் 'க' எங்கே இருக்கிறது என்று தேடவே உனக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடம் வேப்பூர் வருவதற்குள் அவர் நாத்தனார் சண்டை வரைக்கும் கேட்டு வைத்திருப்பாய். பிரவுசிங் சென்டரில் நான் மோடம் கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ படிவங்களைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் அலைந்தாய். படிவத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம். அது என் யோசனை, ரொம்பப் பெருமையாக இருந்தேன்.

இரண்டு வாரத்தில் ஒரு கட்டுப் படிவம் சேர்ந்தது. எல்லாவற்றிலும் ஐந்து நட்சத்திரம். ஊறுகாயிலிருந்து ஊசி போடும் கிளினிக் வரை விருத்தாசலத்தில் குறையே இல்லை. உன் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவும் அந்த டெய்லருக்கே ஐந்து போட்டிருந்தார். நாம் போய்க் கேட்டோம்.

"அக்கா, போன மாசம்தான அவரு ரவிக்கைய கெடுத்துட்டாருன்னு அழுதீங்க?"

"ஆமாண்டி. கையி ஏறவே மாட்டேங்குது."

"அப்புறம் ஏன் அஞ்சு ஸ்டாரு போட்டீங்க?"

"அதுக்காவ எழுதியா குடுப்பாங்க? நாளைக்கு அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது? நம்ம தெருவுலதான வூடு?"

நம் துறைத் தலைவர் மேடம் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது விமர்சனம் இல்லம்மா, வாழ்த்து மடல்" என்றார். பதினைந்து நாள் கெடு. அதற்குள் உருப்படியாக ஒன்றும் வராவிட்டால் நாமும் நூலக நிர்வாகம்தான் செய்ய வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ கடலைத் தோலை ஊதிக்கொண்டே சொன்னாய்: "சம்பந்தி, நம்ம ஊரு ஜனங்க கடைக்காரரு மனசு நோவக் கூடாதுன்னு பொய் சொல்றாங்கடி. அத விட்டுடு. உங்க சம்பந்தி வூட்டுக்காரங்க வந்தா இங்க அழைச்சிக்கிட்டு வருவீங்களான்னு கேப்போம். அதுல பொய் சொல்ல முடியாது. மானம் போயிடும்ல?"

அன்றைக்கே மல்லிகா அக்காவிடம் திரும்பப் போனோம். சம்பந்தி வீட்டு ரவிக்கையை அந்த டெய்லரிடம் கொடுப்பீர்களா என்று கேட்டாய். அக்கா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ, அவருகிட்டயா? அப்புறம் என் பொண்ணு அந்த வூட்டுல வாழ்ந்த மாதிரிதான்!"

நட்சத்திரத்தை எல்லாம் நான் அழித்தேன். அதற்குப் பதில் நான்கு படி வைத்தோம். தனியாகக்கூடப் போகமாட்டேன், தனியாகப் போவேன், வீட்டாரோடு போவேன், சம்பந்தி வீட்டாரையே அழைத்துப் போவேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் வாயைத் திறந்தது. ஒருவர் ஒரே மூச்சில் மூன்று ஓட்டலைக் கழித்துக் கட்டினார். தனியாகப் போவேன் என்று ஒரு பிரியாணிக் கடைக்கு எழுதியவர், வீட்டுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள், பெயரைப் போடாதீர்கள் என்று கெஞ்சினார்.

இரண்டு விதிகளும் உன்னுடையவைதான். குறை சொல்லும் விமர்சனம் மேலே வர வேண்டும், ஏனென்றால் நிறையைக் கடைக்காரரே சொல்லிக்கொள்வார் என்றாய். இன்னொன்று, எந்த விமர்சனமும் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது. எழுதியவர் மறுபடி போய்ப் பார்த்து, அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நிற்கலாம். இல்லாவிட்டால் தானாக விழுந்துவிட வேண்டும். "போன வருஷ சாம்பாருக்கு இந்த வருஷம் மார்க்கு போடறது நியாயமாடி?" என்று கேட்டாய். அந்த விதிக்கான புரோகிராமை நான் எழுதினேன். நான் எழுதியதிலேயே சுத்தமான புரோகிராம் அதுதான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சம்பந்தி என்பது என்ன அளவீடு? இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ, "சார், மதியம் எங்க சாப்பிடலாம்னு இதுல பாத்துட்டுப் போங்க. ஆதாரம் அங்க இருக்குது" என்றாய். மேடம் முகம் வெளுத்துவிட்டது. அந்த வெளியூர்க்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து நம் இரண்டு பேருக்கும் வகுப்பிலேயே அதிக மார்க் போட்டார்.

ஊரையே எழுத வைத்த நீ எழுதியது ஒன்றே ஒன்று. ஜங்ஷன் போகும் வழியில் இருக்கும் அந்த மெஸ்ஸைப் பற்றி. பெயர் வேண்டாம், ஊருக்குத் தெரியும். உன் அப்பா பீங்கான் பட்டறையில் சூளைக்குக் கப் அடுக்குகிறவர். எந்தக் கப்பையும் நகத்தால் சுண்டி, சத்தத்தை வைத்தே நல்லதா கழிசலா என்று சொல்லிவிடுவாய். விளிம்பு சிதறியதையும் மயிரிழை விரிசல் விட்டதையும் பட்டறையில் செகண்ட்ஸ் என்று எடைக்குப் போடுவார்கள். அந்த மெஸ் அண்ணன் அதைத்தான் வாங்கி டீ கொடுத்துக்கொண்டிருந்தார். நீ சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்:

"சாம்பாரு நல்லா இருக்குது. ரசம் அதைவிட நல்லா இருக்குது. ஆனா கப்பு எல்லாம் செகண்ட்ஸு. சுண்டுனா டொக்குங்குது. கப்பு செய்யற ஊருல ஒடஞ்ச கப்புல டீ குடுத்தா எப்படிங்க? உதட்டைக் கிழிக்குது. தனியாகூட போக மாட்டேன்."

கீழே உன் பெயர், கலைச்செல்வி. தெருப் பெயரையும் போடச் சொன்னாய். ஒளிந்துகொண்டு எழுதுவது உனக்குப் பிடிக்காது.

அந்த வருஷமே ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. காமாலை என்றார்கள், கீழாநெல்லி கொடுத்தார்கள், பிறகு கடலூர், பிறகு பாண்டிச்சேரி. கடைசியாகப் பார்க்க வந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. "ஆஸ்பத்திரி கேன்டீன பத்தி எழுதிக்கோ சம்பந்தி, எதிரி வந்தாகூட இங்க அழைச்சிக்கிட்டு வரக் கூடாது" என்றாய். நான் சிரித்துவிட்டு, வராந்தாவில் வந்து அழுதேன். அடுத்த வாரம் நீ இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மாசியில் உன் விமர்சனத்துக்கு ஒரு வருஷம் ஆகப் போகிறது என்று பட்டியல் வந்தது. 'எழுதியவரிடம் மறுபடி கேட்கவும்' என்று திரையில் காட்டியது. அந்த வாசகத்தையும் நான்தான் வைத்திருந்தேன். யாரிடம் போய்க் கேட்பது? அன்றைக்கு நான் ஒரு திருட்டு வேலை செய்தேன் கலை. அந்தச் சுத்தமான புரோகிராமுக்குள் ஒரு வரி சேர்த்தேன். எழுதியவர் கலைச்செல்வி என்றால் விட்டுவிடு.

போட்டோவில் நீ சிரிப்பதே இல்லை, உம்மென்றுதான் இருப்பாய். உன் குரலைப் பிடித்து வைக்க அப்போது நம்மிடம் செல்போன்கூடக் கிடையாது. அந்தச் சில வரிகளில்தான் நீ பேசுவது எனக்குக் கேட்டது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்ததும் முதலில் அதைப் படிப்பேன். ஆமாம், நான் இப்போது சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். வாசல் சுவரில் மாதா மாதம் நம் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறேன். சேத்தியாத்தோப்பிலிருந்து கல்யாணச் சாமான் வாங்க வருகிறவர்கள்கூட முதலில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் கடைவீதிக்குள் நுழைகிறார்கள். போன மாதம் ஒரு பெண் வந்து, மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் இதில் போடுவீர்களா என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தத் திருட்டு வரி அப்படியே இருந்தது. சென்ற மாதம் மெஸ் அண்ணன் சென்டருக்கு வந்தார். ஒரு கப்பைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"பாப்பா, இத சுண்டிப் பாரு."

சுண்டினேன். கணீரென்று இருந்தது.

"கலைச்செல்வின்னு ஒரு பொண்ணு எழுதுச்சு பாரு, அத சுவத்துல பாத்துட்டு எனக்குக் கோவம் வந்துச்சு. இல்லன்னு சொல்லல. அப்புறம் நானே என் கப்புல ஒரு நாள் டீ குடிச்சுப் பாத்தேன். அந்த வருஷமே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பட்டறையிலயே போயி நல்ல கப்பா எடுத்தேன். அந்தப் பொண்ணு ஒரு தடவ வந்து பாக்கும்னு இருந்தேன். வரவே இல்ல. இன்னும் அது சொன்னதுதான் மேல நிக்குது. காலேஜு பசங்க அத படிச்சிட்டு எதுத்த கடைக்குப் போயிடறாங்க."

"அவ இல்லண்ணே" என்றேன்.

ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டார். "எப்ப வரும்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தக் கப்பைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றினார். சுற்றி முடித்தும் போகாமல் நின்றார். "அப்ப இருக்கட்டும் பாப்பா. அது அங்கயே இருக்கட்டும். நான் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு, அந்த வரியைக் காப்பாற்றியிருப்பேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாரே, நான் என்ன செய்ய? நீ எழுதியதைப் படித்து ஒரு மனிதர் திருந்தினார். திருந்திய பிறகும் அவரை அதே இடத்தில் நிற்க வைத்திருந்தேன், உன் பெயரைச் சொல்லி. நீ உயிரோடு இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாய் அல்லவா?

இருந்தாலும் உடனே எடுக்க மனம் வரவில்லை. போய்ப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பதும் நீ சொன்னதுதானே? நல்ல சாக்கு கிடைத்தது என்று ஒரு மாதம் ஓட்டினேன்.

இப்போது பெரிய செய்தி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சேத்தியாத்தோப்பு. பெயர் இளங்கோ, உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் சென்டரையும் வெப்சைட்டையும் விட மாட்டேன் என்று முதல் பேச்சிலேயே சொன்னேன். "விடச் சொன்னா எங்க கடைய பத்தி எழுதிடுவீங்க போலிருக்குதே" என்றார். சரி, ஆள் தேறுவார் என்று ஒத்துக்கொண்டேன்.

நேற்று முகூர்த்தப் புடவை எடுக்க அவர்கள் வீட்டார் ஒன்பது பேர் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்பா ஏசி போட்ட ஓட்டலில் சொல்லி வைத்திருந்தார். நான் அந்த மெஸ்ஸுக்குப் போகலாம் என்றேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்குதா? மொத மொதல்ல சம்பந்தி வூட்டுக்காரங்கள மெஸ்ஸுக்கா அழைச்சிக்கிட்டு போவாங்க? அதுவும் உங்க வெப்சைட்டுலயே கேவலமா எழுதுன மெஸ்ஸுக்கு?"

"அதுக்காகத்தாம்ப்பா. சாப்பாடு சரியில்லன்னா என் தலைல போடுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, வழியில் எனக்கு, உனக்காகச் சம்பந்தத்தையே பணயம் வைக்கிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் வேறு எப்படிக் கேட்பது? இந்த ஊரில் பொய் சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான்.

அண்ணன் எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க" என்று துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் துடைத்த மேஜையையே இன்னொரு தடவை துடைத்தார். இலை போட்டார்கள். சாம்பார் நீ சொன்ன மாதிரியேதான், ரசம் அதைவிட. என் வருங்கால மாமியார் மோர்க்குழம்பு இரண்டு தடவை கேட்டு வாங்கினார். அப்பா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. கடைசியாக டீ வந்தது. நான் என்னை அறியாமல் கப்பை நகத்தால் சுண்டினேன். கணீர்.

"என்னாம்மா சுண்டிப் பாக்குற?" என்று கேட்டார் மாமியார்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். திட்டக்குடிப் பந்தி, ஜாங்கிரி, கப்பு, நீ எழுதியது, எல்லாவற்றையும். அழாமல்தான் சொன்னேன், நம்பு. அவர் தன் கப்பைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு இளங்கோ சுண்டினார். அவருடைய சித்தப்பா, தங்கைகள், கடைசியாக அப்பாவும். ஒவ்வொன்றாகக் கணீர் கணீர் என்று அந்த மேஜை முழுக்கச் சத்தம் போயிற்று. கல்லாவில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் சென்டருக்கு வந்து அந்தத் திருட்டு வரியை அழித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பக்கத்தை மறுபடி திறந்தேன், நீ இல்லை. உன் விதி உன்னையே எடுத்துவிட்டது. புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்கிறது. அப்போதுதான் அழுதேன், ஷட்டரை இறக்கிவிட்டு.

பிறகு அந்த இடத்தில் நான் எழுதினேன். என் பெயரையும் தெருவையும் போட்டே எழுதினேன். "சாம்பார் நன்றாக இருக்கிறது. ரசம் அதைவிட. கப்பைச் சுண்டினால் கணீர் என்கிறது. சம்பந்தி வீட்டாரை அழைத்துப் போனேன். நீங்களும் அழைத்துப் போகலாம்."

இதுவும் ஒரு வருஷத்தில் விழுந்துவிடும். விழ விட மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் நேரில் போய், இலை போட்டு உட்கார்ந்து, கப்பைச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் புதுப்பிப்பேன். டொக் என்றால் டொக் என்றே எழுதுவேன், அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. எனக்கு மகள் பிறந்தால் அவளையும் அங்கே கூட்டிப் போய்ச் சுண்டச் சொல்லித் தருவேன். உனக்கு ஒரு மாமியார் இருந்தாள், அவள்தான் இதைக் கண்டுபிடித்தவள் என்று சொல்வேன். நாம் பஸ்ஸில் பேசி முடித்த சம்பந்தம் அப்படியேதான் இருக்கிறது. கட்டிலும் தருகிறேன், போ.

இப்படிக்கு,
உன் மகனுக்குப் பெண் கொடுத்தவள்,
உன் சம்பந்தி தேன்மொழி